டெரலிக்ட்: தமிழில் எப்படிச் சொல்வது?

வணக்கம். மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊரைப் பற்றிய ஓர் ஆங்கிலக் குறிப்பைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். அதில் 'டெரலிக்ட்' (derelict) என்ற சொல் மூன்று இடத்தில் வருகிறது: மூடிக்கிடக்கும் ரைஸ்மில், யாரும் குடியில்லாத ஓட்டு வீடு, ஆகாயத்தாமரை மண்டிய குளம்.

இதற்குப் பக்கத்தில் வரும் இரண்டு சொற்களோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். எனக்குப் புரிந்த வரை, 'அபான்டன்ட்' (abandoned) என்றால் விட்டுவிட்டுப் போனது, அவ்வளவுதான். நேற்றுப் போயிருந்தாலும் பொருந்தும். 'டெசர்ட்டட்' (deserted) என்பது ஆளரவம் இல்லாதது. மதியம் இரண்டு மணிக்கு எங்கள் கடைத்தெருவே அப்படித்தான். டெரலிக்ட் என்றால் விட்டதோடு, கவனிப்பாரில்லாமல் இடிந்து பாழாகவும் வேண்டும். லத்தீனில் விட்டுச்செல்வதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததாம். நடுக்கடலில் கைவிட்ட கப்பலுக்கும் இதே பெயர். கடமை தவறியவரையும் அமெரிக்க ஆங்கிலத்தில் இப்படிச் சொல்கிறார்கள்.

சிக்கல் தமிழில்தான். வீட்டுக்குப் 'பாழடைந்த' சரி. குளமென்றால் 'தூர்ந்துபோன' என்போம், கிணறு பாழுங்கிணறு, வயல் தரிசு. பொருளுக்குப் பொருள் சொல் மாறுகிறது. மூன்றுக்கும் 'கைவிடப்பட்ட' என்று போட்டால் அரசாணை வாசனை அடிக்கிறது.

இரண்டு சந்தேகம். ரைஸ்மில்லுக்கு 'பாழடைந்த' பொருந்துமா? கூரைத்தகடு போய்விட்டது, சுவர் நிற்கிறது, புகைபோக்கியில் அரசமரம். அப்புறம், குளத்துக்கு ஆங்கிலத்தில் டெரலிக்ட் என்பதே சரியான பிரயோகமா? ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பவர்கள், மொழிபெயர்ப்பவர்கள் யாராவது சொல்லுங்களேன். உங்கள் ஊரில் வேறு சொல் இருந்தால் அதையும்.