கோவை மத்திய சிறையில் இருப்பவருக்கு பந்தலூரிலிருந்து பணம் அனுப்புவது எப்படி?

தேவாலா மழை:
வணக்கம். அண்ணன் ரிமாண்டில் இருக்கிறார். முதலில் கிளைச் சிறையில் வைத்திருந்தார்கள், போன வாரம் கோவை மத்திய சிறைக்கு மாற்றிவிட்டார்கள். சோப்பு, பிஸ்கட் வாங்கக்கூடக் காசு இல்லை என்று வக்கீல் மூலம் சொல்லி அனுப்பியிருக்கிறார். நேரில் போனால் ஒரு நாள் கூலி போய்விடும், பஸ் செலவு தனி. 1,000 ரூபாய் அனுப்ப என்ன வழி? கிளைச் சிறைக்கு அனுப்பிய 500 ரூபாய் மணியார்டர் திரும்பி வந்துவிட்டது. இதற்கிடையில், உள்ளே இருக்கும் ஆளுக்கு வேண்டியவன் என்று ஒருவர் போன் பண்ணி, ஜிபேயில் போட்டால் நானே கொடுத்துவிடுகிறேன் என்கிறார். போடலாமா?

மனு வரிசை:
அந்த ஜிபே நம்பருக்கு ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள் தம்பி. சிறைக்குள் யார் கையிலும் ரொக்கம் இருக்கக் கூடாது. வெளியாள் உள்ளே காசு சேர்ப்பதாகச் சொன்னால் ஒன்று ஏமாற்று, இல்லையென்றால் குற்றம். 1894 சிறைச் சட்டத்தின் 42-ஆம் பிரிவில் தடைசெய்த பொருளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவருக்கு ஆறு மாதம் வரை சிறை உண்டு. மாட்டினால் உங்கள் அண்ணனுக்கும் சேர்த்துத்தான் தொந்தரவு. மனு பார்க்க, அதாவது கைதியை நேரில் சந்திக்கப் போகும்போது துணிக்குள் நோட்டை மடித்து வைப்பதும், கடிதத்துக்குள் வைப்பதும் இதே கணக்குத்தான்.

முறையான வழி பி.பி.சி. ஒவ்வொரு கைதியின் பெயரிலும் சிறை அலுவலகத்தில் இருக்கும் சொந்தப் பணக் கணக்கைத்தான் அப்படிச் சொல்வார்கள். மணியார்டர் வந்தால் அலுவலகம் வாங்கி அந்தக் கணக்கில் வரவு வைக்கும். அண்ணன் கேன்டீனில் வாங்கினால் அதிலிருந்து கழியும், நோட்டாகக் கையில் வராது. கேன்டீனில் வாங்குவதற்கு உச்சவரம்பு உண்டு, அரசாணையில் அவ்வப்போது மாறும். அதனால் மொத்தமாக 5,000 அனுப்புவதைவிட, 500, 1,000 என்று இடைவெளி விட்டு அனுப்புவது நல்லது.

அனுப்பும் முன் அவருடைய கைதி எண்ணை வாங்குங்கள். முக்கியமான வேலை இதுதான். பெரிய சிறையில் ஒரே பெயரில் பலர் இருப்பார்கள். கிளைச் சிறையில் போட்ட எண் கோவையில் செல்லாது, அங்கே புது எண். வக்கீலிடம் கேளுங்கள், அல்லது அடுத்த முறை மனு பார்க்கும்போது அவர் வாயாலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பெயரும் ரிமாண்ட் உத்தரவில் இருப்பது போலவே இருக்க வேண்டும். வீட்டில் கூப்பிடும் பெயரை எழுதினால் அங்கே ஆளே இல்லை என்று ஆகிவிடும்.

தபால் கவுன்டர்:
உங்கள் 500 ஏன் திரும்பியது என்பதற்கு: பணம் போய்ச் சேரும் முன் ஆளை மாற்றியிருப்பார்கள், அல்லது எண் இருந்திருக்காது. அப்படிப்பட்ட மணியார்டர் அனுப்புநர் முகவரிக்கே வரும், கமிஷன் மட்டும் வராது. கமிஷன் 20 ரூபாய்க்கு 1 ரூபாய், 1,000 அனுப்ப 50. கையில் 1,050 எடுத்துப் போங்கள்.

படிவத்தில் பெறுநர் இடத்தை இப்படி நிரப்புங்கள். முதல் வரியில் பெயர், தகப்பனார் பெயர். அடுத்த வரியில் ‘விசாரணைக் கைதி எண்’ போட்டு எண். அதற்குக் கீழே ‘கண்காணிப்பாளர் மூலம், மத்திய சிறை, கோயம்புத்தூர் 641018’. எண்ணைச் செய்திப் பகுதியில் எழுதலாம் என்று பலர் நினைக்கிறார்கள். இ-மணியார்டரில் செய்தி என்பது பட்டியலில் உள்ள வாசகங்களில் ஒன்றின் எண்ணைக் குறிப்பதுதான், கைதி எண் அங்கே ஏறாது. பெயர், முகவரி வரிகளில்தான் இருக்க வேண்டும். பின்கோடு ஓர் இலக்கம் தவறினால் பணம் வேறு தபால் நிலையத்துக்குப் போய்ச் சுற்றும்.

ஊழியர் கணினியில் ஏற்றிய பிறகு ரசீதை அங்கேயே நின்று படித்துப் பாருங்கள். பெயரின் இனிஷியல், எண், பின்கோடு மூன்றும் சரியா என்று பார்த்துவிட்டு நகருங்கள். ரசீது எண்ணை செல்போனில் படம் எடுத்து வையுங்கள், விசாரிக்கப் போனால் முதலில் அதைத்தான் கேட்பார்கள். அனுப்புநர் முகவரியில் எஸ்டேட் பெயர் மட்டும் போதாது, லைன் வீட்டு எண்ணும் எழுதுங்கள். மழைக்காலத்தில் நம் பக்கம் நெட் விழுந்துவிடும், காலையிலேயே போய்விடுங்கள்.

கோத்தகிரி ஓரம்:
இதோடு ஒரு சந்தேகம். தண்டனை முடிந்தும் அபராதம் கட்டாததால் உள்ளே இருப்பவருக்கு, அபராதத் தொகையையும் இப்படி மணியார்டரில் அனுப்பலாமா?

கோர்ட் வாசல்:
வேண்டாம் அக்கா. பி.பி.சி.யில் போட்டால் அது அவருடைய செலவுப் பணம், அபராதமாகத் தானே மாறாது. தண்டனை கொடுத்த கோர்ட்டில் வழக்கு எண்ணோடு கட்டி ரசீது வாங்குங்கள், கட்டிய விவரம் சிறைக்குப் போகும்படி வக்கீலைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். முழுத் தொகை இல்லையென்றாலும் கட்டலாம், கட்டிய அளவுக்கு நாள் குறையும். 6,000 அபராதம், தவறினால் 3 மாதம் என்றால், 4,000 கட்டினால் மீதி 1 மாதம்தான்.

கட்ட வழியே இல்லையென்றால் ஏழைக் கைதிகளுக்கான ஒன்றிய அரசுத் திட்டம் இருக்கிறது. 2023-இல் வந்த வழிகாட்டுதலில் அபராதத்துக்கு 25,000 வரை, விசாரணைக் கைதியின் ஜாமீனுக்கு 40,000 வரை என்று இருந்தது. போதைப்பொருள், ஊழல், உபா (சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம்) வழக்குகளுக்குக் கிடையாது. ஊட்டியில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், அல்லது 15100-க்குப் போன் செய்யுங்கள், காசு கிடையாது. ஜாமீன் உத்தரவு வந்தும் பிணை கொடுக்க ஆளில்லாமல் உள்ளேயே கிடப்பவர்கள் நம் எஸ்டேட் பக்கம் உண்டு. அவர்கள் வீட்டுக்கு இதைச் சொல்லுங்கள்.

தேவாலா மழை:
ரொம்ப நன்றி. அண்ணன் ஜாமீனில் வந்துவிட்டால் கணக்கில் மிச்சம் இருப்பது என்னாகும்?

மனு வரிசை:
விடுதலையாகும்போது மிச்சத்தைக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுப்பார்கள். கேட்டு வாங்கச் சொல்லுங்கள். ஜாமீன் மனு விசாரணைக்கு வரும் வாரத்தில் புதிதாக மணியார்டர் போடாதீர்கள், அவர் வெளியே வந்திருப்பார், பணம் உள்ளே போய்த் திரும்பும்.