மீன்பிடித் தடைக்காலத்தில் பூனைக்கு என்ன கொடுக்கலாம்? பலா, மாம்பழம் கொடுக்கலாமா?

முதுநகர்வாசி:

வணக்கம். நாங்கள் கடலூர் முதுநகரில் துறைமுகத்துக்கு அருகில் குடியிருக்கிறோம். எங்கள் வீட்டுப் பெண் பூனை நான்கு கிலோ எடை இருக்கும். குட்டியிலிருந்தே மத்தியும் கவளையும்தான் அதன் சாப்பாடு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்களுக்கு விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. சிறு படகுகளில் வரும் கொஞ்ச மீனும் எங்களால் தினமும் வாங்க முடியாத விலையில் இருக்கிறது. இதே நாட்களில்தான் பண்ருட்டிப் பலாவும் மாம்பழமும் தர்ப்பூசணியும் வீட்டில் நிறைந்திருக்கின்றன. சுளை எடுக்க உட்கார்ந்தால், பூனை முறத்தின் ஓரத்தில் வந்து மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கிறது. நாம் சாப்பிடுவதில் அதற்கும் ஒரு வாய் கொடுக்க வேண்டும் என்பது என் மாமியாரின் விருப்பம். எந்தப் பழத்தைக் கொடுக்கலாம்? மீனுக்குப் பதிலாகக் கருவாடு போடலாமா? விவரம் அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

முத்தியால்பேட்டை:

வணக்கம் அம்மா. பழத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன், மீனின் இடத்தில் எதை வைப்பது என்பதைத் தீர்த்துக்கொள்ளுங்கள். டாரின் என்ற சத்தைப் பூனையின் உடல் போதுமான அளவு தானாக உண்டாக்கிக்கொள்ளாது. இறைச்சி, மீன் வழியாகத்தான் அது கிடைக்க வேண்டும். நெடுநாள் கிடைக்காமல் போனால் விழித்திரையும் இதயத் தசையும் கெட்டுவிடும். ஆகவே தயிர்ச்சோறும் பழமும் போட்டு இரண்டு மாதத்தை ஓட்டிவிடலாம் என்று எண்ண வேண்டாம். எலும்பு நீக்கிய கோழிக்கறியை உப்பும் மசாலாவும் சேர்க்காமல் வேகவைத்து, அந்த நீரோடு சேர்த்தே வையுங்கள். டாரின் நீரில் இறங்கிவிடும் என்பதால் நீரைக் கொட்டிவிடக் கூடாது. வெறும் கறியில் சுண்ணாம்புச் சத்து போதாது என்பதால், கடையில் கிடைக்கும் முழுச்சத்துப் பூனைத் தீவனத்தையும் ஒரு வேளை கொடுப்பது நல்லது.

மீனை மட்டுமே அறிந்த பூனை புதிய உணவை முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடக்கூடும். பசித்தால் தானே தின்னும் என்று மட்டும் விட்டுவிடாதீர்கள். இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தாலே உடம்பிலுள்ள கொழுப்பு கல்லீரலில் போய்ப் படிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். பருத்த பூனைகளுக்கு இந்த அபாயம் மிகவும் அதிகம். எனவே கிடைக்கும் மீனில் ஒரு துண்டை வேகவைத்து உதிர்த்து, கோழிக்கறியில் பிசைந்து வைத்து, ஒரு வாரம் பத்து நாளில் மீனின் அளவைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். ஒரு நாள் முழுவதும் எதையும் தொடவில்லை என்றால் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

வில்லியனூர் வாசகர்:

பழத்துக்கு நான் சொல்கிறேன். பூனைக்கு இனிப்புச் சுவையே தெரியாது. இனிப்பை உணரச் செய்யும் மரபணுக்களில் ஒன்று பூனையினத்தில் செயல்படுவதில்லை என்று 2005-இல் கண்டறிந்திருக்கிறார்கள். ஆகவே பழம் கொடுக்காததால் அதற்கு எந்தக் குறையும் வந்துவிடாது. வீட்டாரின் ஆசைக்காகக் கொடுப்பதென்றால், விதை எடுத்த தர்ப்பூசணியிலோ தோல் சீவிய மாம்பழத்திலோ விரல் நகமளவு ஒரு துண்டு போதும். பலாச்சுளையிலும் பிசின் ஒட்டாத ஒரு துணுக்குக்கு மேல் வேண்டாம். கொட்டை தொண்டையில் சிக்கும். திராட்சையையும் பாயசத்தில் போடும் உலர்திராட்சையையும் காட்டவே காட்டாதீர்கள். தின்பண்டமாகக் கொடுப்பதெல்லாம் சேர்ந்து ஒரு நாள் உணவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது.

கருவாடு வேண்டாம். ஊறவைத்தாலும் உப்பு முழுவதும் போகாது.

தேவனாம்பட்டினம்:

தடைக்காலம் முடிந்த பிறகும் மத்தியை மட்டுமே கொடுக்கும் வழக்கத்துக்குத் திரும்பாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். மத்தி, நெத்திலி போன்ற மீன்களைப் பச்சையாகத் தொடர்ந்து தின்னும் பூனைக்கு, அவற்றிலுள்ள தயமினேஸ் என்ற நொதி பி1 சத்தை அழித்துவிடுகிறது. நடை தள்ளாடும், தலை மார்பை நோக்கிக் கவிழும், வலிப்பும் வரலாம். வேகவைத்தால் அந்த நொதி செயலிழந்துவிடும். ஆனால் பல நாள் ஐஸில் கிடந்து கெட ஆரம்பித்த மீனில் உண்டாகும் ஹிஸ்டமின் வேகவைத்தாலும் போகாது. தடைக்காலத்தில் வெளியூர் மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்த்து, சிவப்பு மாறியிருந்தால் பூனைக்கும் வாங்காதீர்கள்.

எங்கள் வீட்டில் மீனை இட்லிப் பானையில் அவித்து, ஆறியதும் சதையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் வைத்து நசுக்கிப் பார்ப்போம். கண்ணுக்குத் தப்பும் முள் விரலுக்குத் தப்பாது.

முதுநகர்வாசி:

மூவருக்கும் மிக்க நன்றி. இன்னும் ஒரு சந்தேகம். குழம்பு மீனை நன்றாகக் கழுவிவிட்டுக் கொடுக்கலாம் என்கிறார் மாமியார். அது சரிதானா?

முத்தியால்பேட்டை:

கூடாது அம்மா. வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களை உடைத்துவிடும். சமைத்தாலும் அந்தத் தன்மை போகாது, குழம்பில் ஊறிய மீனைக் கழுவினாலும் சாறு உள்ளேயே இருக்கும். பூனையின் எடையில் கிலோவுக்கு 5 கிராம் வெங்காயமே கெடுதல் செய்யும் என்பதால், உங்கள் பூனைக்கு 20 கிராம், அதாவது மூன்று நான்கு சின்ன வெங்காயம், போதும். தினமும் சிறிது சிறிதாக உள்ளே போனாலும் பாதிப்பு வரும். ஈறு வெளிறுவது, சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போவது, மூச்சு வாங்குவது ஆகியவை சில நாள் கழித்துத்தான் தெரியும். மீனை அறுத்தவுடனே, குழம்பில் போடுவதற்கு முன்பே, பூனையின் துண்டைத் தனியாக எடுத்து வைத்துவிடச் சொல்லுங்கள்.