புதுப்பிப்பு: கன்வெர்ட்டர் சரி, ஆனாலும் ‘வேல்யூ இஸ் நாட் வேலிட்’ – தீர்ந்தது

உதவிய எல்லாருக்கும் நன்றி. ஜேஎஸ்எஃப் (ஜாவாவில் வலைப்பக்கம் கட்டும் ஃபிரேம்வொர்க்) படிவத்தில் பட்டியலிலிருந்து துறையைத் தேர்ந்தெடுத்துச் சேமித்தால், கன்வெர்ட்டர் (படிவம் அனுப்பும் உரையை ஆப்ஜெக்டாக மாற்றும் கிளாஸ்) சரியான ஆப்ஜெக்டைத் தந்தும் ‘வேல்யூ இஸ் நாட் வேலிட்’ என்று வந்ததே, அது போய்விட்டது.

ஈக்வல்ஸ் (இரண்டு ஆப்ஜெக்ட்கள் சமமா என்று சொல்லும் மெத்தட்) எழுதச் சொன்ன யோசனைதான் பலித்தது. கன்வெர்ட்டர் தருவதைப் பட்டியலில் உள்ளவற்றோடு ஜேஎஸ்எஃப் ஈக்வல்ஸ் வழியாகத்தான் ஒப்பிடுகிறது. என் துறை கிளாஸில் அதை நான் எழுதியிருக்கவில்லை. அதனால் ஐடி ஒன்றாக இருந்தும் பொருந்தவில்லை. ஈக்வல்ஸோடு ஒத்துப்போக வேண்டிய ஹேஷ்கோடையும் சேர்த்தே எழுதினேன்.

எதிர்பாராதது: சில பதிவுகளில் மட்டும் பிழை தொடர்ந்தது. ஹைபர்னேட் (டேட்டாபேஸ் பதிவுகளை ஜாவா ஆப்ஜெக்ட்களாகத் தரும் லைப்ரரி) தரும் பிராக்ஸியின் (அசல் ஆப்ஜெக்டுக்குப் பதிலாக நிற்பது) கிளாஸ் வேறு என்பதால், ஈக்வல்ஸில் நான் போட்டிருந்த கெட்கிளாஸ் ஒப்பீடு (இரண்டின் கிளாஸும் அதேதானா என்பது) பொய்த்தது. அதற்குப் பதில் துணை கிளாஸையும் ஏற்கும் இன்ஸ்டன்ஸ்ஆஃப் போட்டு, ஐடியையும் ஃபீல்டைத் தொடாமல் கெட்ஐடி வழியாக எடுத்தேன், சரியாகிவிட்டது.

பீனை (படிவத்தின் தரவை வைத்திருக்கும் ஜாவா ஆப்ஜெக்ட்) வியூஸ்கோப்டாக, அதாவது அதே பக்கம் இருக்கும்வரை நிலைப்பதாக, மாற்றுவது எனக்குத் தேவைப்படவில்லை. ஆனால் படிவத்தை அனுப்பும் நேரத்தில் பட்டியல் காலியாக இருந்தாலும் இதே பிழைதான் வரும், அதையும் பாருங்கள்.