நஷ்டம் என்றால் நிறுத்திவிடலாமா? கரையோரக் கப்பலும் நம் மலை பஸ்ஸும்

மொரப்பூரான்:
தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் நேற்று ஒரு நண்பர், மலைக்கிராமத்துக்கு ஓடும் பஸ் நஷ்டம் என்றால் நிறுத்திவிடலாம் என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. நார்வேயைப் பாருங்கள். 1893 ஜூலை 2 அன்று ட்ரான்ட்ஹெய்மிலிருந்து வடகோடியில் இருக்கும் ஹாமர்ஃபெஸ்டுக்கு ‘வெஸ்டரோலன்’ என்ற நீராவிக் கப்பல் கிளம்பியது. அதற்கு முன் அங்கே ஒரு கடிதம் போய்ச் சேரக் கோடையில் மூன்று வாரம், குளிர்காலத்தில் ஐந்து மாதம்கூட ஆகும். கப்பல் வந்ததும் அது ஒரு வாரத்துக்குள் அடங்கியது. வாரம் ஒருமுறை போய்வர அரசு பணம் கொடுத்தது, அதனால் கப்பல் ஓடியது. டிக்கெட் காசை மட்டும் நம்பி அந்த மீனவர் ஊர்களுக்கு யார் போவார்கள்?

கிருஷ்ணகிரி செல்வி:
பாதிதான் சரி அண்ணா. அரசு பணம் தருகிறேன் என்று சொல்லியும் பெர்கன், ட்ரான்ட்ஹெய்ம் ஊர்களின் கப்பல் கம்பெனிகள் மாட்டோம் என்றுவிட்டன. காரணம் இருட்டு. குளிர்காலத்தில் அங்கே வாரக்கணக்கில் சூரியன் எழாது, வழியெல்லாம் பாறை, கலங்கரை விளக்கமும் குறைவு. ‘வெஸ்டரோலன்’ கேப்டன் ரிச்சர்ட் வித் துணிந்தது ஒரு குறிப்பு நோட்டை நம்பி. அவரும் வழிகாட்டி மாலுமி ஆண்டர்ஸ் ஹோல்டேயும் பயணத்துக்குப் பயணம் குறித்து வைத்தது அது. இந்த முனை தாண்டினால் இந்தத் திசை, இந்த வேகம், இத்தனை நிமிடம், அப்புறம் திருப்பு. வெளியே ஒன்றுமே தெரியாத ராத்திரியில் கடிகாரமும் திசைகாட்டியும்தான் கண். அந்த உழைப்பு இல்லாமல் பணம் என்ன செய்திருக்கும்?

பென்னாகரத்தான்:
அரசுப் பணம் என்றாலே நல்லது என்று பேசுகிறீர்கள். நம் கரைக்கு வாருங்கள். வ.உ.சி. 1906இல் சுதேசிக் கம்பெனி தொடங்கி தூத்துக்குடி–கொழும்பு கப்பல் விட்டார். போட்டிக்கு எதிரில் இருந்த பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனிக்கு சர்க்காரின் தபால் ஒப்பந்தங்கள் வேறு இருந்தன. கட்டணத்தை அடிமாட்டு விலைக்குக் குறைத்து அடித்தார்கள். 1908இல் வ.உ.சி. சிறைக்குப் போனார், 1911இல் கம்பெனியே கலைந்தது. அரசு யார் பக்கம் நிற்கிறது என்று கேட்காமல் மானியத்தைப் புகழ முடியாது.

மொரப்பூரான்:
ஒப்புக்கொள்கிறேன், அது வேறு அரசு. ஆனால் நம் ஊரைப் பாருங்கள். மொரப்பூர்–தர்மபுரி சிறு ரயில் 1906இல் வந்தது, 1913இல் ஓசூர் வரை நீண்டது, 1941இல் மூடிவிட்டார்கள். எடுத்த பாதைக்கு இன்றுவரை ஏங்குகிறோம்.

கிருஷ்ணகிரி செல்வி:
எங்கள் திருப்பத்தூர்–கிருஷ்ணகிரி ரயிலும் 1936இல் போனது. ஆனால் ரோடு இருந்தது, பஸ் வந்தது, ஊர் படுத்துவிடவில்லை. மாற்று வழி இருக்கும் இடத்தையும் இல்லாத இடத்தையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

பென்னாகரத்தான்:
மாற்று இல்லாத இடம் நம்மிடமே இருக்கிறதே. பென்னாகரம் பக்கத்துக் கோட்டூர் மலைக்குத் தேர்தலின்போது வாக்கு இயந்திரம் கழுதை முதுகில்தான் ஏறியது. கல் சறுக்கும் இடத்தில் கழுதைக்காரர் கயிற்றை இழுத்துப் பிடித்து, அது கால் ஊன்றும்வரை நிற்பார். அந்த வழி அவருக்குக் காலில் பாடம். செல்வி சொன்ன நோட்டு இதுதான்.

கிருஷ்ணகிரி செல்வி:
அப்படியானால் அவருக்கு அந்தக் கூலி தேர்தல் அன்று மட்டும்தானா, மாதாமாதம் ரேஷன் அரிசி ஏற்றவும் கிடைக்கிறதா? ‘வெஸ்டரோலன்’ வாராவாரம் போனது அண்ணா.