அல்லிராணிக் கோட்டை: செங்கல் விளிம்பில் வெள்ளைக் கோடு

மன்னார்க் கடலோரம் அரிப்பு என்ற ஊரில், பிரித்தானிய ஆளுநர் பிரெடெரிக் நோர்த் கட்டிய மாளிகைதான் இந்தக் கோட்டை, இப்போது இடிபாடு. உள்ளே நின்று கடலை நோக்கிப் படம் எடுத்தால் யன்னல் திறப்புகள் வெளிறிவிடும், செங்கல் கரியாகிவிடும். பின்னேரம் 4 மணிக்குப் பிறகு இன்னும் மோசம், வெயில் நேரே முகத்தில்.

நிக்கோன் டி5600, 18-55 லென்ஸ், எஃப்/8, ஐஎஸ்ஓ 100, முக்காலி. வவுனியாவிலிருந்து போய்வருவதால் ஒரு நாள்தான் கிடைக்கும். ஆவணியில் இரண்டு தடவை போயாயிற்று.

கிரேஜுவேட்டட் ஃபில்டர் (மேற்பாதி மட்டும் இருண்ட கண்ணாடி) சரிவராது. சுவர் அடிவானத்துக்கு மேலே எழும்பி நிற்பதால் அதன் மேற்பாதியும் இருண்டுவிடும். கமராவின் ஃபிளாஷ் கிட்டச் சுவரை மட்டும் வெளுப்பாக்குது. 2 ஸ்டொப் இடைவெளியில் (ஒவ்வொன்றுக்கும் நான்கு மடங்கு வெளிச்ச வித்தியாசம்) மூன்று படம் எடுத்துத் தானாக இணைத்தால், சோளகக் காற்றில் ஆடும் பற்றை இரட்டையாக விழுது. கடலுக்கு ஒன்று, சுவருக்கு ஒன்று என இரண்டு படத்தை மட்டும் எடுத்து, கையால் மாஸ்க் போட்டதில் (எந்தப் பகுதி எந்தப் படத்திலிருந்து தெரிய வேணும் என்று நானே வரைந்து மறைத்ததில்) பற்றை சரி, ஆனால் உடைந்த செங்கல் விளிம்பெல்லாம் வெள்ளைக் கோடு.

கடல் கரையை அரித்துக்கொண்டே வருகிறது. நிற்கிற சுவரையாவது ஒழுங்காகப் பதிந்துவைக்க வேணும்.

அந்தக் கோடு விழாமல் இரண்டு படத்தை எப்படி இணைக்கிறீர்கள்?