சொட்டு மருந்து போட்ட கோழிக்கும் அம்மை வரும்

ஒடுகத்தூர் பக்கம் எங்கள் அக்கா வீட்டில் நாட்டுக்கோழி வளர்க்கிறார்கள். போன மழைக்கு அப்புறம், கொசு மொய்த்துக் கிடந்த நேரத்தில், சேவலின் கொண்டையில் மிளகு அளவுக்குக் கொப்புளம் வந்தது. கொத்துப்பட்ட காயமாக இருக்கும் என்று எல்லோரும் நினைத்தோம். அதற்குள் வளர்ந்த குஞ்சுகளுக்கும் பரவி, கண்ணைச் சுற்றி முண்டுமுண்டாகக் கட்டி, இமை ஒட்டிப்போய், காலடியில் கிடக்கிற தீனி தெரியாமல் நின்ற இடத்திலேயே நின்றன.

"சொட்டு மருந்துதான் போட்டோமே, அப்புறம் எப்படிடா வரும்?" என்று அக்கா கேட்டார். கண்ணிலும் மூக்கிலும் விடுகிற சொட்டு வெள்ளைக்கழிச்சல் என்கிற வேறொரு கோழி நோய்க்கு. அம்மை வேறு வைரஸ், அதற்குத் தடுப்பூசி தனி. இதை எங்கள் பக்கம் பலருக்கு யாரும் சொல்வதே இல்லை.

வந்த பிறகு வைரஸைக் கொல்ல மருந்து கிடையாது. வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கண்ணைத் துடைத்து, வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசி, கேழ்வரகுக் கூழைக் கையால் ஊட்டினார் அக்கா. தோலில் மட்டும் வந்தவை பெரும்பாலும் தேறிவிட்டன. வாய்க்குள் மஞ்சளாக ஏடு படிந்தவைதான் மூச்சுவிட முடியாமல் செத்தன, பார்க்கவே மனசு கேட்கவில்லை.

கால்நடை மருத்துவர் வந்து, இன்னும் நோய் தெரியாத கோழிகளுக்கு உடனே ஊசி போட்டார். இரண்டு முள் உள்ள சின்ன ஊசியை மருந்தில் தோய்த்து, இறக்கையை விரித்து, ரத்தக்குழாயில் படாமல் அந்த மெல்லிய சவ்வில் ஒரு குத்து, அவ்வளவுதான். 7 முதல் 10 நாளில் குத்திய இடத்தைத் தடவிப் பாருங்கள் என்றார். தடித்துப் பொருக்குக் கட்டியிருந்தால் மருந்து பிடித்திருக்கிறது, இல்லையென்றால் மறுபடி போட வேண்டும்.

உதிர்கிற பொருக்கில் வைரஸ் மாதக்கணக்கில் உயிரோடு இருக்குமாம், அதனால் கூண்டைக் கூட்டி, குப்பையை அள்ளி எரித்துவிடுங்கள். கொசு வழியாகவும் இது பரவும், அதனால் தண்ணீர் தேங்க விடாதீர்கள். மனிதருக்கு இது ஒட்டாது, வீட்டில் குழந்தைகள் இருந்தாலும் பயப்பட வேண்டாம்.

குஞ்சுக்கு 6 முதல் 8 வாரம் ஆகும்போது போட்டுவிடுவது நல்லது. நம்ம ராணிப்பேட்டையிலேயே 1932-இல் தொடங்கிய அரசு நிலையத்தில் கால்நடைத் தடுப்பு மருந்துகள் தயாராகின்றன, எட்டாத பொருள் இல்லை. ஒரு குப்பி நிறைய கோழிக்கு வரும், கலக்கிவிட்டால் ஐஸில் வைத்து 2 மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். அதனால் தெருவில் நாலைந்து வீட்டார் பேசிவைத்து, மழைக்கு முன்பே ஒரே நாளில் போட்டுக்கொள்ளுங்கள்.