சந்தேகம்: "வெட்டாதே என்று சொன்னார்" என்பதை இங்கிலீஷில் எப்படி எழுதுவது?

நூல்கண்டு:

எல்லோருக்கும் வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சன்டைசராக (ஆர்டர் கொடுக்கிற பையருக்கும் ஃபேக்டரிக்கும் நடுவில் நின்று வேலையைப் பார்த்துக்கொள்பவர்) சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. படித்தது முழுக்கத் தமிழ் மீடியம். பையர் பேசுவது புரிந்துவிடும், நானும் ஒருமாதிரி பதில் சொல்லிவிடுவேன், ஆனால் அவர் சொன்னதை இன்னொருவருக்கு மெயிலில் எழுத உட்கார்ந்தால்தான் கை நடுங்கும். போன வாரம் நடுக்கத்தோடு நிற்கவில்லை.

சாயங்காலம் ஆறரைக்குப் பையர் ஆபீஸ் க்யூசி (தரம் பார்ப்பவர்) போனில் கூப்பிட்டார். சைஸ் செட்டில் (ஒப்புதலுக்காக ஒவ்வொரு சைஸிலும் தைத்துக் காட்டும் சாம்பிள்) ஆர்ம்ஹோல் (கை இணைகிற இடம்) பிடிக்கிறது, ஒரு சென்டிமீட்டர் இறக்க வேண்டும் என்றார். கடைசியாகச் சொன்ன வரி இது (பல்க் என்றால் மொத்த ஆர்டருக்கான துணி): "டோன்ட் கட் த பல்க் அன்டில் த சைஸ் செட் இஸ் அப்ரூவ்ட்." (போனில் கீபோர்டை மாற்றி மாற்றித் தட்ட முடியவில்லை, இங்கிலீஷையும் தமிழ் எழுத்திலேயே போடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.) ஆர்ம்ஹோல் கணக்கைப் பேட்டர்ன் மாஸ்டருக்குத் தனியாக அனுப்பிவிட்டு, ப்ரொடக்‌ஷன் மேனேஜருக்கு ஒரே ஒரு வரி எழுதினேன்: "பையர் டிட் நாட் டெல் டு கட் த பல்க்." எழுதிவிட்டு நிம்மதியாக பஸ் ஏறிவிட்டேன்.

காலையில் வந்து பார்த்தால் இரண்டு லே (வெட்டுவதற்காக அடுக்கி விரித்த துணி) வெட்டி முடித்து, பண்டில் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். மேனேஜரிடம் ஓடினால், "பையர் ஒண்ணும் சொல்லலைன்னுதானே எழுதியிருக்கீங்க, ஷிப்மென்ட் தேதி நெருங்குது, நாமளே ஆரம்பிச்சுட்டோம்" என்கிறார். வெட்டின துணி வளருமா? பெரிய சைஸை எல்லாம் சின்ன சைஸாக வெட்டிப் பாதியைத் தேற்றினார்கள், மீதி வேஸ்ட் மூட்டைக்குப் போனது. எனக்கு நடந்த அர்ச்சனை தனிக் கதை.

என் கேள்வி: அந்த வரியை எப்படி எழுதியிருக்க வேண்டும்? அப்புறம் டோல்ட், ஆஸ்க்ட், ரெக்வெஸ்டட், ஆர்டர்ட் என்று நாலைந்து இருக்கிறதே, எதை எங்கே போடுவது?

ராத்திரிஷிப்ட்:

இதற்கு ஏன் இவ்வளவு யோசனை? நடுவில் ஒரு "தட்" போட்டால் முடிந்தது. "பையர் டோல்ட் தட் டோன்ட் கட் த பல்க்." நான் ஐந்து வருஷமாக இப்படித்தான் எழுதுகிறேன், எல்லாருக்கும் புரிகிறது.

பழைய வாத்தியார்:

தம்பி, புரிகிறது என்பது வாஸ்தவம். வாக்கியம் தப்பு என்பதும் வாஸ்தவம். முதலில் அந்த அம்மாவின் வரிக்கு வருகிறேன்.

"டிட் நாட் டெல் டு கட்" என்பதில், யாரிடம் சொன்னார் என்பது விட்டுப்போயிருக்கிறது. அதைச் சேர்த்துவிட்டால் நல்ல இங்கிலீஷ்தான், ஆனால் "வெட்டச் சொல்லவில்லை" என்று அர்த்தம். உங்களுக்கு வேண்டியது "வெட்ட வேண்டாம் என்று சொன்னார்". முதலாவதில் சொல்வதே நடக்கவில்லை, இரண்டாவதில் சொல்லியிருக்கிறார், சொன்ன விஷயம்தான் "வேண்டாம்". எல்லாம் அந்த "நாட்" எங்கே உட்காருகிறது என்பதில் இருக்கிறது. "டெல்"லுக்கு முன்னால் போட்டால் சொல்லவில்லை, "டு கட்"டுக்கு முன்னால் போட்டால் வெட்டாதே. ஆக, சரியான வரி: "த பையர் டோல்ட் அஸ் நாட் டு கட் த பல்க் அன்டில் த சைஸ் செட் இஸ் அப்ரூவ்ட்." வாய்ப்பேச்சில் நாம் "வெட்டச் சொல்லலை" என்பதையே ஒரு அழுத்தம் கொடுத்து "வெட்டாதே" என்கிற மாதிரி சொல்லிவிடுகிறோம் இல்லையா, அந்தப் பழக்கம்தான் மெயிலில் இறங்கிவிட்டது. மெயிலுக்குக் குரல் கிடையாது.

இனி ராத்திரிஷிப்ட் தம்பியின் "தட்". இந்தத் தப்பு நம் ஆட்களிடம்தான் அதிகம் பார்க்கிறேன், காரணமும் தமிழிலேயே இருக்கிறது. நம்மிடம் "என்று" ஒன்று இருக்கிறது. எதிராளி சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் அப்படியே வைத்து, பின்னால் "என்று" ஒட்டினால் போதும்: "நாளைக்கு வா என்று சொன்னார்". அந்த "என்று" இருக்கிற இடத்தில் "தட்"டை வைத்து எழுதுவதால்தான் "டோல்ட் தட் கம் டுமாரோ" வருகிறது. "தட்"டுக்குப் பின்னால் எழுவாயோடு முழு வாக்கியம் வர வேண்டும், வெறும் கட்டளை வராது.

ஆனால் தமிழில் இன்னொரு வழியும் இருக்கிறது, அதைத்தான் யாரும் கவனிப்பதில்லை. "நாளைக்கு வரச் சொன்னார்." இது அப்படியே "டோல்ட் மீ டு கம்". "வர" என்பது "டு கம்", "சொன்னார்" என்பது "டோல்ட்". நாற்பது வருஷம் வகுப்பெடுத்ததில் எனக்குப் பலித்த ஒரே உபாயம் இது: இங்கிலீஷில் எழுதுவதற்கு முன்னால் மனசுக்குள் தமிழிலேயே "என்று"வை எடுத்துவிட்டு வாக்கியத்தை "ச் சொன்னார்" என்று முடித்துப் பாருங்கள். "ரிப்போர்ட்டை அனுப்புங்கள் என்று சொன்னார்" என்பது "ரிப்போர்ட்டை அனுப்பச் சொன்னார்" ஆகும், உடனே "டோல்ட் அஸ் டு சென்ட் த ரிப்போர்ட்" தானாக வரும். "வெட்டாதே என்று சொன்னார்" என்பது "வெட்டாமல் இருக்கச் சொன்னார்" ஆகும், அது "டோல்ட் அஸ் நாட் டு கட்". இன்னொன்று, "டு"வுக்குப் பின்னால் வினைச்சொல் மாறவே மாறாது. சொன்னது நேற்றாக இருந்தாலும் "டு சென்ட்" தான். காலம் எல்லாம் "டோல்ட்"டோடு முடிந்துவிடும்.

ராத்திரிஷிப்ட்:

ஐந்து வருஷம் எழுதின மெயிலை எல்லாம் இப்போது திரும்ப எடுத்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது சார். ஒரு சந்தேகம். "நாட் டு கட்" என்கிறீர்கள், சிலர் "டு நாட் கட்" என்று எழுதுகிறார்களே?

பழைய வாத்தியார்:

அர்த்தம் ஒன்றுதான். பேச்சிலும் சாதாரண எழுத்திலும் அப்படியும் வருகிறது. பரீட்சையிலும் ஆபீஸ் மெயிலிலும் "நாட் டு" என்றே எழுதுங்கள், யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

பத்தாவது அம்மா:

நானும் நடுவில் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். என் பையன் பத்தாவது. "ப்ளீஸ் லென்ட் மீ யுவர் பென்" என்று ரவி கோபாலிடம் சொன்னதை மாற்று என்று கணக்கு. இவன் "ரவி ரெக்வெஸ்டட் டு கோபால் டு ப்ளீஸ் லென்ட் மீ யுவர் பென்" என்று எழுதியிருக்கிறான். மார்க் போய்விட்டது. எங்கே தப்பு?

பழைய வாத்தியார்:

மூன்று இடம். "ரெக்வெஸ்டட்" பின்னால் நேராக ஆள் வர வேண்டும், நடுவில் "டு" கூடாது. "ப்ளீஸ்" மறைந்துவிட வேண்டும், ஏனென்றால் அந்தப் பணிவை "ரெக்வெஸ்டட்" என்ற சொல்லே எடுத்துக்கொண்டுவிட்டது. பிறகு "மீ", "யுவர்" இரண்டும் மாற வேண்டும்: "ரவி ரெக்வெஸ்டட் கோபால் டு லென்ட் ஹிம் ஹிஸ் பென்." தமிழ்ப் பாடத்தில் நேர்க்கூற்று, அயற்கூற்று என்று அவனே படித்திருப்பான். அங்கே "நான்" என்பது "தான்" ஆகும், "இன்று" என்பது "அன்று" ஆகும், "நாளை" என்பது "மறுநாள்" ஆகும். அதே வேலைதான் இங்கேயும். ஒரே குறை, நம் "தன்" மாதிரி ஒரு சொல் இங்கிலீஷில் இல்லாததால் "ஹிம்" யார், "ஹிஸ்" யார் என்று கொஞ்சம் குழம்பும். "ரவி தனக்கு அவனுடைய பேனாவைத் தரச் சொன்னான்" என்றால் நமக்குத் தெளிவு.

ஏற்றுமதி அண்ணன்:

தங்கச்சி, நானும் மெர்ச்சன்டைசர்தான், 14 வருஷம் ஆகிறது. வாத்தியார் இலக்கணத்தைச் சொல்லிவிட்டார், நான் ஆபீஸ் பக்கத்தைச் சொல்கிறேன்.

"ஆர்டர்ட்" பக்கமே போகாதீர்கள். பள்ளிக்கூடத்தில் கேப்டன் சோல்ஜர்களுக்கு ஆர்டர் போட்ட கணக்குக்குச் சரி. "எம்டி ஆர்டர்ட் மீ" என்று எழுதினால் நீங்கள் சண்டை போட்டுவிட்டு எழுதுகிற மாதிரி தெரியும். எனக்கு "ஆஸ்க்ட்", "டோல்ட்" இரண்டிலேயே முக்கால்வாசி மெயில் முடிந்துவிடுகிறது. கேட்டுக்கொண்டால் "ஆஸ்க்ட்", கண்டிப்பாகச் சொன்னால் "டோல்ட்", பின்விளைவைச் சொல்லி மிரட்டினால் "வார்ன்ட்". உங்கள் க்யூசி "அப்ரூவல் இல்லாமல் வெட்டினால் நாங்கள் எடுத்துக்கொள்ள மாட்டோம்" என்று சேர்த்திருந்தால் "வார்ன்ட் அஸ் நாட் டு கட்".

பையர்கள் பாதி நேரம் கேள்வி மாதிரிதான் கட்டளை போடுவார்கள். "குட் யூ சென்ட் த டெஸ்ட் ரிப்போர்ட் பை ஃப்ரைடே?" என்று வரும். அதை "ஆஸ்க்ட் வெதர் வி குட் சென்ட்" என்று மேனேஜருக்கு எழுதினால், அவர் "முடியாதுன்னு சொல்லிடுங்க" என்று பதில் போடுவார். அவர் நம்மால் முடியுமா என்று விசாரிக்கவில்லை, அனுப்பச் சொல்கிறார். "ஆஸ்க்ட் அஸ் டு சென்ட் த டெஸ்ட் ரிப்போர்ட் பை ஃப்ரைடே" என்று எழுதுங்கள்.

"டுமாரோ" வந்தால் பரீட்சையில் "த நெக்ஸ்ட் டே" என்று மாற்றுவார்கள். ஆபீஸில் இரண்டுமே வேண்டாம், தேதியைப் போட்டுவிடுங்கள். நீங்கள் ராத்திரி எழுதின "நாளை"யை அவர் காலையில் காபியோடு திறக்கும்போது அது ஒரு நாள் தள்ளிப்போயிருக்கும்.

பழைய வாத்தியார்:

அண்ணன் சொன்னதில் எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது, இதுவும் தமிழால் வருகிற வம்புதான். "கட்டிங் மாஸ்டரை நிறுத்தச் சொன்னார்" என்று சொல்கிறோம். பையர் மாஸ்டரிடமே பேசினாரா, அல்லது மாஸ்டரிடம் சொல்லும்படி உங்களிடம் சொன்னாரா? தமிழில் இரண்டுக்கும் அதே வாக்கியம் ஓடும். இங்கிலீஷில் "டோல்ட் த கட்டிங் மாஸ்டர் டு ஸ்டாப்" என்று எழுதினால் நேராக அவரிடமே சொல்லியாகிவிட்டது என்று படிப்பவர் நினைத்துக்கொள்வார், அப்புறம் மாஸ்டருக்கு யாருமே சொல்லாமல் போய்விடும். உங்கள் வழியாக என்றால் "ஆஸ்க்ட் மீ டு டெல் த கட்டிங் மாஸ்டர் டு ஸ்டாப்".

நூல்கண்டு:

எல்லோருக்கும் நன்றி. இன்றைக்கே ஒரு சோதனை வந்துவிட்டது. க்யூசி மறுபடி கூப்பிட்டார். அவர் சொன்னது: "லெட் மீ நோ ஒன்ஸ் த நியூ சாம்பிள் இஸ் ரெடி. டோன்ட் ஸ்டார்ட் த பிரின்டிங். லெட்ஸ் மூவ் த இன்ஸ்பெக்‌ஷன் டு மன்டே." நான் இப்படி எழுதி வைத்திருக்கிறேன், அனுப்பவில்லை, பார்த்துச் சொல்லுங்கள்:

"த க்யூசி ஆஸ்க்ட் மீ டு லெட் ஹிம் நோ ஒன்ஸ் த நியூ சாம்பிள் இஸ் ரெடி. ஹி டோல்ட் அஸ் நாட் டு ஸ்டார்ட் த பிரின்டிங். ஹி சஜஸ்டட் அஸ் டு மூவ் த இன்ஸ்பெக்‌ஷன் டு மன்டே."

பழைய வாத்தியார்:

"லெட் மீ"யை "லெட் ஹிம்" ஆக்கியிருக்கிறீர்களே, அங்கேதான் பலர் சறுக்குவார்கள், சபாஷ். மூன்றாவது வரி மட்டும் தப்பு. "சஜஸ்ட்" அந்தக் கூட்டத்தில் சேராது, அதற்குப் பின்னால் "அஸ் டு" வராது. "சஜஸ்டட் மூவிங் த இன்ஸ்பெக்‌ஷன்" என்றோ "சஜஸ்டட் தட் வி மூவ்" என்றோ எழுதுங்கள். "லெட்ஸ்" வந்தாலே பெரும்பாலும் இந்த "சஜஸ்டட்" தான். இங்கே "தட்" தாராளமாக வரலாம், ராத்திரிஷிப்ட் தம்பி சந்தோஷப்படட்டும்.

பத்தாவது அம்மா:

சார், முதல் வரியில் "இஸ் ரெடி" என்பது "வாஸ் ரெடி" ஆக வேண்டாமா? பையன் புத்தகத்தில் அப்படித்தான் மாற்றுகிறார்கள்.

பழைய வாத்தியார்:

உங்கள் பையன் "வாஸ்" என்றே எழுதட்டும், மார்க் அதற்குத்தான். இந்த மெயிலில் சாம்பிள் இன்னும் தயாராகவில்லை, விஷயம் நிலுவையில் இருக்கிறது, அதனால் "இஸ்" இருந்தால் தப்பில்லை. நான் முதலில் எழுதிக்காட்டிய வரியிலும் அதனால்தான் "இஸ் அப்ரூவ்ட்" என்று விட்டேன்.

ஏற்றுமதி அண்ணன்:

"மன்டே" பக்கத்தில் தேதி எங்கே தங்கச்சி?

நூல்கண்டு:

போட்டுவிட்டேன் அண்ணா. "மூவிங்" என்றும் மாற்றி அனுப்பியாச்சு. மேனேஜரிடமிருந்து "நோட்டட், பிரின்டிங் ஆன் ஹோல்ட்" என்று இரண்டு நிமிஷத்தில் பதில் வந்தது. பிரின்டிங் யூனிட் அண்ணன் மெயிலே திறக்க மாட்டார், அவரிடம் நேரில் போய் "பையர் ஆரம்பிக்க வேண்டாம்னு சொல்லிட்டார்" என்று சொல்லிவிட்டு வந்தேன். "ஆரம்பிக்கச் சொல்லலையா, வேண்டாம்னே சொல்லிட்டாரா?" என்று அவரே திருப்பிக் கேட்டார். போன வாரக் கதை அங்கேயும் போயிருக்கிறது போல.